மீட்டரைப் பார்த்து விலை போடும் அண்ணாச்சிமாருக்கு

குமரி மாவட்டத்தில் பழைய கார் வாங்கி விற்கிற ஆட்டோ கன்சல்டிங் நடத்துகிறவர்களுக்கும், ஷெட்டோ போர்டோ இல்லாமல் போனிலேயே வண்டியைக் கைமாற்றிவிடுகிற புரோக்கர் அண்ணன்மாருக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரிந்திருக்கும். வாங்கும் உத்தேசமே இல்லாமல் உள்ளே வந்து, நிற்கிற வண்டிக்கெல்லாம் பானெட்டைத் திறக்கச் சொல்லி, குனிந்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்து, "என்ன விலைக்கு விடுவீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிற ஆள். சிலருக்கு எரிச்சலாக இருந்திருக்கும், தெரியும். ஆனால் இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் ஒரு விஷயத்தில் எனக்குத் தீர்மானமான அபிப்பிராயம் உண்டாகியிருக்கிறது.

நம் மாவட்டத்தில் வண்டி ஓட்டுகிற லட்சணத்துக்குப் போலீஸைத் திட்டுகிறோம், ஆர்.டி.ஓ. ஆபீஸைத் திட்டுகிறோம், ரோட்டைத் திட்டுகிறோம். திட்ட வேண்டியதுதான். அந்த வரிசையில் உங்களையும் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரு கார் ஒழுங்காக ஓட்டப்பட்டதா, நாசமாக்கப்பட்டதா என்பதற்கு நீங்கள் போடும் விலையில் இடமே இல்லை. அதனால் ஒழுங்காக ஓட்டுகிறவன் தன் வண்டியை விற்கும்போது அவனுக்குப் பத்துப் பைசா அதிகம் கிடைப்பதில்லை. கண்டபடி ஓட்டுகிறவனுக்குப் பத்துப் பைசா குறைவதும் இல்லை.

ஒரு வண்டி உள்ளே வந்ததும் நீங்கள் என்ன கேட்கிறீர்கள்? எந்த வருஷம், எத்தனை கிலோமீட்டர், எத்தனாவது ஓனர், பெட்ரோலா டீசலா, வெள்ளையா வேறு கலரா. அப்புறம் நம்பர். கூட்டினால் எட்டு வருகிறது என்றால் அதற்கென்று ஒரு தொகை குறைகிறது. பிரேக் டிஸ்கின் ஓரத்தில் விரல் வைத்தால் தடுக்கும் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது, கிளட்ச் பெடல் மேலே வந்த பிறகுதான் பிடிக்கிறது, முன் டயர் ரெண்டும் உட்பக்கமாகத் தின்றுபோயிருக்கிறது. இதற்கெல்லாம் ஒன்றும் குறைவதில்லை, "பாலிஷ் போட்டுரலாம்" என்கிறீர்கள். மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் துண்டுக்குள் கையை விடுவார்கள்.

இந்த மூன்றும் வண்டி தானாகத் தேய்ந்தது மட்டுமல்ல. ஓட்டியவரின் காலும் கையும் செய்த வேலையும் அதில் இருக்கிறது. மார்த்தாண்டம் சந்தை நெரிசலில் ஏற்றத்தில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக் போடாமல் பாதி கிளட்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடிக்கிறவர்கள் உண்டு. ஓடும்போதெல்லாம் இடது காலைக் கிளட்ச் மேலேயே சாய்த்து வைத்திருக்கிறவர்கள் அதைவிட அதிகம். பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கரைக் கடைசி நொடியில் பார்த்து மிதித்து, அது மேலேயே பிரேக்கோடு ஏறி இறங்கினால் சஸ்பென்ஷனில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ் போகிறது. மைலேஜுக்காக என்று முப்பதிலேயே டாப் கியரைப் போட்டு இன்ஜினை முக்கவிடுகிறார்கள். டர்போ டீசலை ஏற்றம் ஏறிய சூட்டோடு வீட்டு வாசலில் நிறுத்தி உடனே சாவியைத் திருப்பிவிடுகிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் வண்டியில் தடயம் இருக்கிறது. உங்களிடம் இருக்கும் மெக்கானிக் பையன் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தால் முன்னால் ஓட்டியவரின் குணத்தைச் சொல்லிவிடுவான். நீங்கள் அவனைக் கேட்பதில்லை, மீட்டரைக் கேட்கிறீர்கள்.

மீட்டரை நம்பி விலை போடுவதில் நம் ஊருக்கென்றே ஒரு விசேஷ ஏமாற்றம் இருக்கிறது: வெளிநாட்டுக்காரர் வண்டி. லீவில் வந்தபோது வாங்கியது. வருஷத்தில் ஒரு மாதம் ஓடும், மிச்ச நாளெல்லாம் போர்டிகோவில் கவர் போட்டு நிற்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போய் வந்த கையோடு அவருடைய அப்பா ஸ்டார்ட் பண்ணி, ஐந்து நிமிஷம் உறுமவிட்டு, ஆஃப் பண்ணிவிட்டுப் போவார். எட்டு வருஷத்தில் 18,000 கிலோமீட்டர். உங்கள் வாட்ஸ்ஆப் விளம்பரத்தில் அது "ஃபாரின் பார்ட்டி வண்டி, லோ கிலோமீட்டர், ஷோரூம் கண்டிஷன்" என்று வரும். பக்கத்தில் நிற்கும் அதே மாடல், அதே வருஷத்து வண்டியைவிட ஐம்பதாயிரம் கூட.

அந்த வண்டியின் டயர் சுவரில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும், பாருங்கள். 2317 என்றால் 2017-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்த டயர். ரோட்டைப் பிடிக்கும் பட்டன் வரி தேயாமல் பளபளவென்று இருக்கும். ஆனால் ரப்பர் இறுகிப் பக்கவாட்டில் மயிரிழை மயிரிழையாக வெடித்திருக்கும். ஒரே இடத்தில் நின்றதால் எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கும். இன்ஜின் ஆயிலுக்குப் பெரும்பாலான கம்பெனிகள் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அது என்கின்றன. இங்கே கிலோமீட்டர் முந்துவதே இல்லை, அதனால் ஆயிலும் மாறுவதில்லை. அப்பா செய்கிற அந்த ஐந்து நிமிஷ உறுமல் உதவியும் இல்லை, உபத்திரவம்தான். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராமலே நிற்பதால் சைலன்ஸருக்குள் தண்ணீர் தங்கி உள்ளேயிருந்து துரு பிடிக்கிறது. ஸ்டார்ட் பண்ண எடுத்த கரண்ட் பேட்டரிக்குத் திரும்பச் சேர்வதும் இல்லை. பிரேக் கட்டையை அழுத்துகிற காலிப்பரின் பின் இறுகிக் கிடக்கும். இதுபோக எலி. பானெட்டுக்குள் தேங்காய் நாரும் வயர்த் தோலுமாகக் கூடு கட்டியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்த வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தவரும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், பாவம்.

இதற்கு எதிர்ப்பக்கம், தக்கலையிலோ களியக்காவிளையிலோ ஒருவர் வீட்டு வண்டி. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு ஆள் கூப்பிட, அங்குள்ள ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை, மகள் படிக்கிற ஊருக்கு வருஷத்தில் சில தடவை என்று 1,10,000 ஓடியிருக்கும். சர்வீஸ் பில் ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள் அடுக்கியிருக்கும். இன்ஜின் சூடேறி நிதானமாக நீண்ட தூரம் ஓடிய வண்டி அது. "லட்சம் தாண்டிருச்சே" என்று நீங்கள் உதட்டைப் பிதுக்குகிறீர்கள். அவருக்கு அன்றைக்குப் பிடிபடுகிறது, பில்லை அடுக்கி வைத்ததெல்லாம் வீண் என்று. அடுத்த வண்டிக்கு அவர் பில் வைப்பாரா? வைக்க மாட்டார். மீட்டர் லட்சத்தைத் தொடும்போது அதைப் பின்னால் தள்ளிவிட ஆள் தேடுவார்.

மீட்டர் தள்ளுவது பற்றி உங்களிடம் நான் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. டிஜிட்டல் மீட்டர் வந்தால் இது நின்றுவிடும் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள், அது இன்னும் சுலபமாகிவிட்டது. ஆனால் 32,000 காட்டும் வண்டியில் பிரேக் பெடல் ரப்பரின் வரி மழுங்கி, ஓட்டுநர் சீட்டின் வலது ஓரம் நைந்து, ஸ்டியரிங் தோல் வழவழத்திருந்தால் நமக்கு மட்டுமா தெரிகிறது? கம்பெனி சர்வீஸ் சென்டரில் நம்பரைக் கொடுத்தால் போன சர்வீஸில் எத்தனை ஓடியிருந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். இது மோசடி, சாமர்த்தியம் இல்லை. உங்களில் பலர் இதைச் செய்வதில்லை என்பதும் தெரியும். ஆனால் தள்ளி வந்த வண்டியைத் தெரிந்தே வாங்கி வைப்பவர்கள் உண்டு.

கிலோமீட்டரைவிட நம் ஊரில் ஒரு வண்டியைத் தின்பது கடல்காற்று. குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோரத்தில் இரவு முழுக்க வெளியில் நின்ற வண்டிக்கும், தோவாளைப் பக்கம் ஷெட்டுக்குள் நின்ற வண்டிக்கும் ஒரே விலையா? கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியச் சின்னச் சின்ன ஓட்டை இருக்கும். அது மண்ணடைத்துப் போனால் கதவு உள்ளேயிருந்து அழுகும். டிக்கி விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள். மீன் பெட்டி ஏற்றிய வண்டியானால் ஐஸ் தண்ணீர் அங்கே இறங்கி நின்றிருக்கும், துரு இலை இலையாகப் பெயர்ந்து வரும். ஏசி கண்டென்ஸரின் தகடு தொட்டால் உதிரும். இப்படிப்பட்ட வண்டிகளுக்கு விற்பதற்கு முந்தின வாரம் அடியில் கறுப்பு கோட்டிங் அடித்து, "அன்டர்கோட் பண்ணின வண்டி" என்று அதற்கும் விலை சேர்க்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. துருவின் மேலேயே அடித்த கோட்டிங்குக்கு அடியில் துரு நிம்மதியாக வேலை பார்க்கும். ஜாக்கி வைக்கிற இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் லேசாகக் குத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

வடக்கே மலையோரம் குலசேகரம், பேச்சிப்பாறை வண்டிகளுக்கு உப்பு இல்லை, ஈரம் உண்டு. தென்மேற்கு, வடகிழக்கு ரெண்டு பருவமும் நனைக்கிற மாவட்டம் இது. சீட் பெல்ட்டில் பூஞ்சை, ஏசி போட்டால் மக்கிய வாடை. அது கழுவினால் போகும். வெள்ளத்தில் கிடந்த வண்டி கழுவினாலும் போகாது. 2018 ஆகஸ்டில் கேரளாவில் வந்தது, 2023 டிசம்பர் 17, 18-ல் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அன்றைக்கு முங்கிய கார்கள் எல்லாம் ஆவியாகிவிடவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி முழு நஷ்டம் என்று தள்ளியவை ஏலத்தில் போய், துடைத்து, சீட் துணி மாற்றி எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கின்றன. நமக்கு ரெண்டு பக்கமும் அந்த ஊர்கள்தான். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக்கோடு இருந்தால் அந்த வண்டி முங்கியது. சாவியை ஆன் செய்ததும் ஏர்பேக் விளக்கு எரிந்து தானாக அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலோ, பக்கத்து விளக்கோடு சேர்ந்தே எரிந்து சேர்ந்தே அணைகிறது என்றாலோ யாரோ கைவேலை காட்டியிருக்கலாம். அப்படிப்பட்ட வண்டியை ஒரு குடும்பத்துக்கு விற்றுவிட்டு எப்படித் தூக்கம் வருகிறது?

சரி, விலைக்கு வருகிறேன். உங்களுக்கும் இது கஷ்டகாலம்தான், மறுக்கவில்லை. 2025 செப்டம்பர் 22-ல் சின்ன கார்களின் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது, அதன்மேல் போட்ட செஸ் என்ற கூடுதல் வரியும் போனது. ஷோரூமில் 6 லட்சத்துக்கு நின்ற ஒரு சின்ன பெட்ரோல் கார், வரிக் குறைப்பு முழுவதும் கைக்கு வந்தால், ஏறக்குறைய 5 லட்சத்து 49 ஆயிரத்துக்கு வந்துவிடும். புதுசின் விலை இறங்கினால் பழசும் இறங்கித்தான் ஆக வேண்டும். முந்தின மாதம் முழு விலை கொடுத்து ஸ்டாக் எடுத்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். ஆனால் சிலர் இன்னும் பழைய விலைப் பட்டியலையே கையில் வைத்துக்கொண்டு, "மார்க்கெட் அப்படித்தான் தம்பி" என்கிறீர்கள். அதேபோல 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் எல்லாப் பழைய வண்டிக்கும் ஒரே 18 சதவீதம் என்றது. பதிவு பெற்ற வியாபாரி அதைத் தன் லாபத்தின் மேல்தான் கட்ட வேண்டும், மொத்த விலையின் மேல் அல்ல. விற்க வந்த சாதாரண ஆளிடம் "பதினெட்டு பர்சென்ட் வரி போகும், அதைக் கழிச்சுதான் தர முடியும்" என்று கணக்குக் காட்டியவர்கள் யார் யார் என்று அவரவர் மனசுக்குத் தெரியும்.

இன்சூரன்ஸில் வண்டியின் மதிப்பு என்று போட்டிருக்கும் ஐ.டி.வி.யைக் காட்டிச் சிலர் விலை பேசுவார்கள். அதுவும் வயதை மட்டும் பார்க்கிற கணக்கு: ஒரு வருஷம் தாண்டினால் 20 சதவீதம் கழிவு, ரெண்டு தாண்டினால் 30, மூன்றுக்கு 40, நான்குக்கு 50. ஐந்துக்கு மேல் பேசித் தீர்ப்பது. என்னிடம் ஒரு மாருதி ஜென் இருக்கிறது. 1993-ல் வந்து 2006-ல் நின்றுபோன வண்டி, 993 சிசி அலுமினிய இன்ஜின், இன்றைக்கும் மூன்றாவது கியரில் அது இழுக்கிற இழுப்புக்கு என் மனைவியே சிரிப்பாள். அதற்கு நீங்கள் இரும்பு விலைதான் சொல்வீர்கள். சொல்லுங்கள், நான் விற்கப் போவதில்லை. ஆனால் அருமனை, குலசேகரம் பக்கம் பழைய மஹிந்திரா ஜீப்புக்கு என்ன விலை கேட்கிறார்கள் என்று பாருங்கள். எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தே அங்கே விலை முடிகிறது. மீட்டரே ஓடாத ஜீப்புக்கு அது முடிகிறது என்றால் ஸ்விஃப்டுக்கு ஏன் முடியாது?

ஓட்டியவிதத்தை எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். அளந்து வைத்திருக்கிறார்கள், நீங்கள் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். இன்சூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் என்று ஒரு வரி இருக்கும். ஒரு வருஷம் கிளெய்ம் போடாமல் இருந்தால் வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதம் கழிவு, அப்புறம் 25, 35, 45, ஐந்து வருஷம் தொடர்ந்தால் 50. அந்தப் போனஸ் ஓனருக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல. பழைய வண்டியில் சேர்த்ததைப் புதுசுக்குக் கொண்டுபோகவும் முடியும். அதனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. சின்ன இடியை யாரும் கிளெய்ம் பண்ணுவதும் இல்லை. ஆனாலும் அதே வண்டிக்கு வரிசையாக நான்கு பாலிசி நகல் காட்டி, போனஸ் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது என்றால், ஓட்டியவரைப் பற்றி அது மீட்டரைவிட அதிகம் சொல்கிறது. கூடவே வண்டி நம்பரைப் போட்டு இ-சலானைப் பாருங்கள். அதிவேகம், போன் பேசிக்கொண்டே ஓட்டியது, சிக்னல் தாண்டியது என்று வரிசையாக நின்றால் அந்த வண்டியின் கிளட்சும் பிரேக்கும் எப்படி இருக்கும் என்று சொல்லவா வேண்டும்? நீங்கள் சலானைப் பார்ப்பது அபராதம் பாக்கி இருக்கிறதா என்பதற்கு மட்டும்.

நான் கேட்பது இதுதான். வாங்கும்போது இந்தக் காகிதங்களைக் கேளுங்கள். இருந்தால் பத்தாயிரமோ இருபதாயிரமோ கூடக் கொடுங்கள், இல்லாவிட்டால் குறையுங்கள். விற்கும்போது கண்ணாடியில் ஒட்டுகிற விலைச் சீட்டுக்குப் பக்கத்தில் இவற்றின் நகலையும் ஒட்டுங்கள். "வாங்குகிறவன் இ.எம்.ஐ. எவ்வளவு, மைலேஜ் எவ்வளவு, இது ரெண்டும்தான் கேட்பான்" என்று ஒரு அண்ணாச்சி என்னிடம் சொன்னார். உண்மைதான், இப்போதைக்கு. பழைய கார் விற்கும் மாருதியின் ட்ரூ வேல்யூ 2001-லிருந்து நடக்கிறது. பரிசோதனைச் சீட்டும் வாரண்டியும் கொடுத்து அதற்கென்று கூடுதல் விலையும் வாங்குகிறார்கள், ஜனங்கள் கொடுக்கவும் செய்கிறார்கள். திருவனந்தபுரத்திலிருந்து நம் ஊருக்கு வண்டி பார்க்க வருகிறவர்கள் மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். காகிதம் கேட்கிற ஆள் இல்லாமல் இல்லை. உங்களிடம் கிடைக்காது என்று தெரிந்து வராமல் இருக்கிறான்.

நீங்கள் விலை சேர்க்கிற சில சாமான்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ராத்திரி ரோட்டில் அதை அனுபவிக்கிறவன் நான். தேசிய நெடுஞ்சாலை 66-ல் நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை பழைய ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியும். பல இடத்தில் வீட்டுத் திண்ணையே ரோட்டோரம், நடக்கிறவருக்கு ஒதுங்க இடம் இல்லை, வளைவுக்கு வளைவு. நான்குவழிச் சாலை வேலை வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது. கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக் கேரளாவுக்குப் போகிற டாரஸ் லாரி எதிரே வரும்போது இடம் விட்டு ஒதுங்கத்தான் முடியும். அந்த ரோட்டில் எதிரே வருகிறவன் கண்ணைப் பிடுங்குகிற மாதிரி ஒரு வெள்ளை வெளிச்சம். சாதாரண பல்புக்கென்று செய்த ரிஃப்ளெக்டருக்குள் மலிவான எல்.இ.டி. பல்பைச் செருகினால் வெளிச்சம் சொன்ன இடத்தில் விழாது, நாலாபக்கமும் சிதறும். டிம் போட்டாலும் ஹை பீம் மாதிரிதான் இருக்கும். அதை "எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்" என்று விளம்பரத்தில் போட்டு விற்பது நீங்கள்தான். முன்னால் இரும்புக் கம்பி கட்டுகிற கிராஷ் கார்டு கூடாது என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. இடியின் வேகம் ஏர்பேக் சென்சாருக்குப் போகிற வழியை அது மாற்றிவிடலாம், நடந்துபோகிறவன் மேல் பட்டால் அவன் கதி அதோகதி. கறுப்பு ஃபிலிம் 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடுத்தது. இவையெல்லாம் உங்கள் பட்டியலில் விலை கூட்டும் சாமான்கள். நல்ல டயர் நான்கு போட்டுக் கொடுத்தால் அது விலை கூட்டுவதில்லை!

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றுக் காலத்தில் ஒரு உயரமான எஸ்.யு.வி.யைத் தேய்ந்த டயரோடு நூறில் ஓட்டிப் பாருங்கள். முப்பந்தல் காற்றாலை எல்லாம் அந்த இடத்தில் சும்மா நட்டு வைத்ததல்ல. ஒரு பஸ்ஸைத் தாண்டி வெளியே வரும் நொடியில் பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளும். சென்னையிலிருந்து ராத்திரி முழுக்கத் தனியாக ஓட்டிக்கொண்டு விடியற்காலையில் அந்த இடத்துக்கு வந்து சேர்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பட்டன் போன டயரை பிளாக் பாலிஷ் போட்டு நீங்கள் விற்ற வண்டியும் அதில் ஒன்றாக இருக்கலாம்.

இன்னொன்று, பையன்கள். பிளஸ் டூ முடித்த மகனுக்கென்று பழைய கார் தேடி வருகிற அப்பாமார்களை நீங்கள்தான் முதலில் பார்க்கிறீர்கள். டெஸ்ட் டிரைவுக்குப் பையன் கையில் சாவி கொடுப்பதற்கு முன் லைசென்ஸ் கேளுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு பதினெட்டு வயசு ஆகாதவன் ஓட்டிக் குற்றமானால் பெற்றவருக்கோ வண்டி ஓனருக்கோ மூன்று வருஷம் வரை ஜெயிலும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு, வண்டியின் பதிவும் ஒரு வருஷத்துக்குப் போகும். டெஸ்ட் டிரைவ் நேரத்தில் அந்த வண்டி யார் பொறுப்பில் இருக்கிறது என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

கடைசியாக, ஆர்.சி.யில் பெயர் மாற்றம். இதில் எனக்குச் சொந்தக் கோபம் இருக்கிறது. என் சித்தப்பா ஒரு ஆல்ட்டோவை இங்குள்ள ஒரு கன்சல்டிங்கில் கொடுத்தார். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-லும் 30-லும் நிரப்பாமலே கையெழுத்து வாங்கிக்கொண்டு, "பார்ட்டி வந்ததும் மாத்திருவோம், நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார்கள். வண்டி அங்கிருந்து மூன்று கை மாறியது, பெயர் மட்டும் மாறவில்லை. அவர் பார்த்தே இராத ஊரிலிருந்து அவருடைய போனுக்குச் சலான் வர ஆரம்பித்தது. கடைக்குப் போய்க் கேட்டால், "அது இப்ப எங்க கைல இல்லையே" என்று பதில். சலானோடு போனது அவருடைய நல்ல நேரம். வண்டியை விற்றிருந்தாலும் பதிவில் பெயர் யாருடையதோ அவர்தான் ஓனர், விபத்து நஷ்டஈட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. யாரோ இடித்ததற்கு எழுபது வயசு மனிதர் கோர்ட்டில் நிற்க வேண்டியிருந்திருக்கும்.

இதற்கு வழியும் வந்துவிட்டது. 2023 ஏப்ரல் 1-லிருந்து, பழைய வண்டி வாங்கி விற்கிறவர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். வண்டியை ஓனரிடமிருந்து எடுத்ததும் படிவம் 29சி-யை ஆன்லைனில் போட்டால், அது விற்கிற வரைக்கும் அந்த வியாபாரியே ஓனராகக் கருதப்படுவார். விற்றவர் நிம்மதியாகத் தூங்கலாம். வண்டியை டெஸ்ட் டிரைவுக்கோ, ரிப்பேருக்கோ, பெயின்டிங்குக்கோ எடுத்துப் போனால் அதற்கும் பதிவேடு வைக்கச் சொல்கிறது விதி. கே.எல். நம்பர் வண்டி வாங்கி விற்கிறவர்களுக்கும் இதில் சோலி இருக்கிறது. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே ஓடினால் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கி, இங்குள்ள வரி கட்டி டி.என். நம்பருக்கு மாற்ற வேண்டும். அந்தச் செலவை வாங்குகிறவரிடம் முதலிலேயே சொல்லாமல் "விலை குறைவு" என்று மட்டும் சொல்வது அரை உண்மை.

டி.என். 74-ஓ 75-ஓ, இன்றைக்கு உங்கள் ஷெட்டில் நிற்கிற வண்டிகளின் ஆர்.சி.யை எல்லாம் மேஜைமேல் எடுத்துப் போடுங்கள். எவை எவை இன்னும் கொடுத்தவர் பெயரிலேயே, 29சி போடாமல் நிற்கின்றன என்று பாருங்கள். அவர்களில் வயசானவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள், கணவர் இறந்த பிறகு வண்டியை விற்ற அம்மாமார் இருப்பார்கள். அவர்களுடைய வண்டிகளுக்கு இந்த வாரமே போட்டுவிடுங்கள். மற்றவற்றை நாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு கார்ப் பைத்தியம்